‘வந்துட்டேன்’ மாமா

அந்த விளம்பரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போனில் எதையாவது அவசரமாகத் தேடும்போது குறுக்கே வந்து நிற்குமே, அதுதான். நீலச் சட்டை போட்ட, முன்வழுக்கை விழுந்த ஒரு மனிதர் வாய் நிறையச் சிரிக்கிறார். "இதுதான்யா எங்க கணவாய்!" என்கிறார். பின்னால் பனிமலை சரிகிறது. ‘கணவாய் எட்டு: பழைய ரசிகர்களே கொண்டாடுகிறார்கள்’ என்று எழுத்து ஓடுகிறது.

அவர் என் மாமா, அக்காவின் கணவர். அந்த வார்த்தைகள் அவர் வாயிலிருந்து வந்தது உண்மை. ஆனால் அவர் சொன்னது அது இல்லை. இதை எழுத உட்காரும்போதே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வரட்டும். இந்த விஷயத்தில் கோபப்படாமல் இருக்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வருகிறது.

மாமா லிஃப்ட் மெக்கானிக். நான் அதே கம்பெனியில் போன் எடுக்கிறவள். எங்காவது லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பட்டனை அழுத்துவார்கள். அது என் காதில் வந்து அலறும். நான் சொல்ல வேண்டியது எப்போதும் ஒன்றுதான்: "கதவைத் திறக்கப் பார்க்காதீங்க. மேல ஏறப் பார்க்காதீங்க. ஆள் வந்துக்கிட்டு இருக்காரு." தானாக வெளியே வரப் பார்த்தவர்கள்தான் கையையும் காலையும் உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாட்டிக்கொண்டவர் சும்மா இருக்க வேண்டும், இன்னொருவர் வர வேண்டும். எங்கள் தொழிலே அவ்வளவுதான்.

மற்ற மெக்கானிக்குகள் கட்டடத்துக்குள் நுழைந்ததும் நேராக மொட்டை மாடிக்கு, மெஷின் ரூமுக்கு ஓடுவார்கள். மாமா மட்டும் முதலில் லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று பார்த்து, அந்தக் கதவை இரண்டு தட்டுத் தட்டி, "வந்துட்டேன்!" என்பார். பிறகுதான் மேலே போவார். சூப்பர்வைசர் இதற்காக அவரைக் கடிந்துகொண்டதுண்டு, நேரம் வீணாகிறதாம். எனக்கல்லவா தெரியும்? அதுவரை என் காதில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்தச் சத்தம் கேட்டதும் "ஆள் வந்துட்டாரும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார்கள். பெட்டி இன்னும் ஒரு அங்குலம்கூட நகர்ந்திருக்காது.

அந்த ‘வந்துட்டேன்’ லிஃப்டிலிருந்து வந்ததல்ல. விளையாட்டிலிருந்து வந்தது.

‘கணவாய்’ என்ற வீடியோ கேம் வரிசையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் பாகம் வந்தபோது அக்கா அதை வாங்கி வந்தாள். பெயரைக் கேட்டதும் எங்கள் அம்மா, "மீன் பிடிக்கிற விளையாட்டா?" என்று கேட்டார். மீன் இல்லை, மலைக்கணவாய். நாலைந்து பேர் முதுகில் மூட்டையோடு பனிமலையைக் கடக்க வேண்டும். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் இருந்துகொண்டே சேர்ந்து விளையாடலாம். சண்டை கிடையாது, வாள் கிடையாது. வழுக்கும், பாறை உருளும், விழுவோம். விழுந்தால் நம்மால் எழ முடியாது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் எழ முடியாது. முன்னால் போனவர்களில் யாராவது, வந்த வழியே திரும்பி வந்து, பக்கத்தில் நின்று, கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அப்படித் திரும்பி வருகிறவருக்கு நேரம் போகும், சில சமயம் அவரும் விழுவார். அதுதான் விளையாட்டு.

அக்கா அன்றும் இன்றும் ஒரே மாதிரிதான் ஆடுவாள். தலைதெறிக்க முன்னால் ஓடுவாள், முதல் சரிவிலேயே விழுவாள். ஒரு நாள் கூட வந்தவர்கள் எல்லோரும் சலித்துப்போய் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவள் பனியில் கிடந்தாள். அப்போது முன்பின் தெரியாத யாரோ ஒருவர், மலையின் மறுபக்கத்தை எட்டப் போனவர், அத்தனை தூரமும் திரும்பி வந்து, ஹெட்போனில் "வந்துட்டேன்" என்றார். அந்த யாரோதான் பிறகு எனக்கு மாமா ஆனார். வழுக்கி விழுந்து மாப்பிள்ளை பிடித்தவள் உலகத்திலேயே என் அக்கா ஒருத்திதான் என்று நான் அவளை இன்றைக்கும் கேலி செய்வேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் வீட்டில் கரண்டி கீழே விழுந்தால்கூட உள்ளறையிலிருந்து "வந்துட்டேன்" என்று குரல் வரும். ஒரு முறை அக்கா ஈரத் தரையில் நிஜமாகவே சறுக்கி விழுந்தாள். அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனாலும் எழாமல் அப்படியே படுத்துக்கொண்டு, "விழுந்துட்டேங்க!" என்று கத்தினாள். மாமா சோப்பு முகத்தோடு ஓடி வந்தார். "நீயே எழுந்திருக்க வேண்டியதுதானே?" என்று நான் கேட்டேன். இருவரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவர்களுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

பாகத்துக்குப் பாகம் ‘கணவாய்’ மாறிக்கொண்டே வந்தது. இரண்டாவதில் குதிரை வந்தது. மூன்றாவதில் மலையே இல்லை, பாலைவனம். மலை இல்லாத விளையாட்டுக்குக் கணவாய் என்று பெயர் வைக்க எத்தனை துணிச்சல் வேண்டும்! மாமா முணுமுணுத்தார், விளையாடினார். நாலாவதில், மூட்டை தூக்குகிற அந்தத் தாடிக்காரனைக் கொன்றுவிட்டு அவன் மகளைக் கொண்டுவந்தார்கள். மாமா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை, ஆனாலும் விளையாடினார். ஐந்தில் துப்பாக்கி. ஆறில் பறக்கிற வண்டி. ஏழில் பாட்டு முதற்கொண்டு மாற்றிவிட்டார்கள். "இன்னும் எதுக்கு மாமா இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க? பேரைத் தவிர எல்லாம்தான் போயிடுச்சே" என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"லிஃப்டுக்குக் கயிறு மாத்தறோம், கதவு மாத்தறோம். சில சமயம் பெட்டியையே மாத்திடறோம். அப்பவும் அது லிஃப்ட்தானே?"

"எதை மாத்தினா லிஃப்ட் இல்ல?"

"உள்ள ஏறி நின்னா மேல போகணும்ல? அது போச்சுன்னா அப்புறம் அது அலமாரி."

கணவாயில் அது எது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும். மலை போனது, தாடிக்காரன் போனான், பாட்டு போனது. பாலைவனத்திலும் பறக்கிற வண்டியிலும் விழுந்தவர் விழுந்தபடிதான் கிடந்தார். யாராவது திரும்பி வந்துதான் தூக்கினார்கள்.

எட்டாவது பாகம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், ‘கணவாய்’ கம்பெனியிலிருந்து மாமாவைக் கூப்பிட்டார்கள். முதல் பாகத்திலிருந்து விடாமல் ஆடுகிறவர்களைப் பேட்டி எடுக்கிறார்களாம். மாமாவுக்குக் கேமரா என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வேலையிலிருந்து நேராகப் போனோம், நீலச் சட்டையோடு. நான் ஒரு நாற்காலியில் அவருடைய டூல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆகவே அங்கே நடந்தது ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். யாரும் என் காதில் பூச்சுற்ற முடியாது.

பேட்டி எடுத்தவர்தான் அந்த வரிசைக்கே பொறுப்பாளராம். மரியாதையான ஆள், தண்ணீரெல்லாம் அவரே எடுத்துக் கொடுத்தார். "உங்களுக்குக் கல்யாணம் ஆனதே கணவாயாலதானாமே சார்?" என்று கேட்டார். மாமா வெட்கப்பட்டு வாய் நிறையச் சிரித்தார். பிறகு, "எது இருந்தா இது கணவாய்? ஒரே வரியில சொல்லுங்களேன்" என்றார். மாமா தடுமாறினார். சட்டைப் பட்டனைத் திருகினார். கடைசியில் சொன்னார்:

"ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன் திரும்பி வரணும். இதுதான்யா எங்க கணவாய்! இதை மட்டும் எடுத்துட்டீங்கன்னா, அது வேற ஏதோ ஒண்ணு. எங்களைக் கூப்பிடாதீங்க."

பொறுப்பாளர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "அருமை சார், அருமை" என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

எட்டாவது பாகம் வந்தது. இப்போது ஒரே மலையில் ஊரே சேர்ந்து ஓடலாம். விழுந்தால் திரையில் ஒரு பட்டன் ஒளிர்கிறது. ‘எழ, இதை அழுத்தவும்.’ அழுத்தினால் எழுந்து ஓடலாம். தூக்கிவிடுவது என்ற ஒன்றையே விளையாட்டிலிருந்து வழித்து எடுத்துவிட்டார்கள். அதே நாளில் விளம்பரமும் வந்தது. எங்கேயோ சிரித்த சிரிப்பை முன்னால் ஒட்டி, நாலு வாக்கியத்தில் இரண்டாவதை மட்டும் பிடுங்கி, எதை எடுத்தால் விளையாட மாட்டேன் என்று சொன்னாரோ அதை எடுத்துவிட்ட விளையாட்டை அவர் வாயாலேயே விற்றார்கள். எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும் இதற்கு?

மாமாவோடு பல வருஷமாகச் சேர்ந்து ஆடுகிற ஒரு குழு உண்டு. ‘பழைய மூட்டைகள்’ என்று பெயர். அதில் ஒருவர் ரொட்டி சுடும் அடுப்பில் வேலை செய்கிறவர், எல்லோருக்கும் அவர் ‘பேக்கரி’. மாமாவை அந்தக் குழுவில் ‘வந்துட்டேன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு பெயரைத்தான் மாமா தன் வாழ்க்கையில் சம்பாதித்தார் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் அப்பா அம்மா வைத்தது, கம்பெனி கொடுத்தது. விளம்பரம் வந்த அன்று பேக்கரி குழுவில் எழுதினார்: "எங்களை வித்துட்டு எப்படிய்யா உனக்குச் சிரிப்பு வருது?" அதன் பிறகு யாரும் அவரை ‘வந்துட்டேன்’ என்று கூப்பிடவில்லை. ‘விளம்பரம்’ என்றார்கள். கொஞ்ச நாளில் எதுவும் கூப்பிடவில்லை.

மாமா நடந்ததை எழுதிப் பார்த்தார். யார் நம்புகிறார்கள்? அந்தச் சிரிப்புதான் எல்லோர் கண்ணிலும் நிற்கிறதே. நானும் கூட இருந்தேன், நானே சாட்சி என்று எழுதினேன். "மச்சினிச்சி வேற எப்படிச் சொல்லும்?" என்று ஒருவர் பதில் போட்டார். அந்த ஆள் மட்டும் என்றைக்காவது லிஃப்டில் மாட்டி என் போனுக்கு வரட்டும். ஆள் அனுப்புவேன்தான், ஆனால் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அனுப்புவேன்.

மாமா கம்பெனிக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நிறைய பாட்டுக் கேட்ட பிறகு பொறுப்பாளர் வந்தார்.

"நீங்க சொன்னதைத்தானே சார் போட்டோம்? ஒரு வார்த்தைகூட நாங்க சேர்க்கலையே."

மாமா போனை என் பக்கம் நகர்த்தினார். நான் ஆரம்பித்தேன்.

"தலையை வெட்டி, காலை வெட்டி, வயித்தை மட்டும் வெச்சுக்கிட்டு இதான் ஆளுன்னு காட்டுவீங்களா? சேர்க்கலைன்னு பெருமை வேற!"

"மேடம், கோபப்படாதீங்க. விழுந்து கிடந்து காத்திருக்கிறது இப்ப யாருக்கும் பிடிக்கல. பாதி பேர் ஆட்டத்தையே விட்டுட்டுப் போயிடறாங்க. அவங்க நன்மைக்குத்தான் மாத்தினோம். இப்ப யாரும் யாரையும் நம்பிக் கிடக்க வேண்டியதில்ல பாருங்க."

"அப்படின்னா அதை உங்க வாயால சொல்லுங்க. எங்க மாமா வாயை எதுக்குக் கடன் வாங்கறீங்க?"

"உங்க அன்புக்கு நன்றி மேடம்" என்றார். லைன் போய்விட்டது. அன்பாம்! எனக்கு அந்தப் போனைச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. மாமாவின் போன் என்பதால் பத்திரமாக மேஜைமேல் வைத்தேன்.

எட்டாவது பாகத்தைத் தொட மாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டார். ஆனால் அக்கா வாங்கினாள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்ணுக்கு லென்ஸ் போட்டுப் பார்க்கிறவளுக்கு வீட்டுக்கு வந்தால் ஓட வேண்டும், விழ வேண்டும். மாமா அதே ஹாலில், டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரிப்பேர் ஆகாத மின்விசிறியை ரிப்பேர் செய்துகொண்டிருப்பார்.

"பனி எவ்ளோ அழகா இருக்கு தெரியுமா?" என்பாள் அக்கா. மாமா திரும்ப மாட்டார். "விழுந்த உடனே நானே எழுந்துட்டேன் பாருங்க" என்பாள். ஸ்க்ரூடிரைவர் கீழே விழும். முதல் சில நாள் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை, யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. எனக்கே, கம்பெனிக்காரன் சொன்னதில் ஏதோ இருக்கிறதோ என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. அந்தச் சந்தேகத்தின்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

பிறகு ஒரு விடுமுறை நாள் மத்தியானம். நானும் அங்கே இருந்தேன். அக்கா கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "என் மேல ஏறி ஓடறாங்கடி."

"யாரு?"

"எல்லாரும்தான். நான் விழுந்து கிடந்தா சுத்திக்கூடப் போறதில்ல. நான்தான் எழுந்துப்பேனே! எத்தனை தடவை விழுந்தேன், ஒருத்தர் திரும்பிப் பார்க்கல. முன்னாடி திட்டிக்கிட்டாவது வருவாங்க."

மாமா மின்விசிறியைக் கீழே வைத்தார். வந்து கன்ட்ரோலரை எடுத்தார். தன் பழைய பெயரிலேயே உள்ளே போனார். தலைக்கு மேல் ‘வந்துட்டேன்’ என்று எழுத்து மிதந்தது. உடனே நாலு பக்கமும் கேலி கிளம்பியது. "டேய், விளம்பரம் வந்திருக்குடா!" "சிரிச்சுக் காட்டுய்யா!" மாமா காதில் வாங்கவில்லை. அக்கா எப்போதும் விழுகிற சரிவு வரைக்கும் நடந்து போனார். பாறை உருண்டது. விழுந்தார்.

‘எழ, இதை அழுத்தவும்.’

மாமா கன்ட்ரோலரை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"என்னங்க, எழுந்திருங்க" என்றாள் அக்கா.

"யாராவது வரட்டும்."

"வந்தாலும் தூக்க முடியாதே? அதைத்தான் எடுத்துட்டாங்களே."

"தூக்க வேண்டாம். வரட்டும்."

யாரும் வரவில்லை. ஆள் ஆளாக அவர்மேல் ஏறி ஓடினார்கள். சிலர் வேண்டுமென்றே குதித்தார்கள். பட்டன் ஒளிர்ந்துகொண்டே இருந்தது. காபி ஆறியது. நான் அங்கே உட்கார்ந்துகொண்டு, பொம்மை மனிதன் ஒருவன் பொம்மைப் பனியில் கிடப்பதைப் பார்த்துக் கண் கலங்கினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். இத்தனை கட்டடங்களில் இத்தனை கதவுகளைத் தட்டி "வந்துட்டேன்" என்று சொன்ன மனிதருக்கு ஒருவர் வரக் கூடாதா?

அக்கா எழுந்துபோய் அலமாரியிலிருந்து இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்து வந்தாள். திரை இரண்டாகப் பிரிந்தது. ஆட்டம் அவளை அவள் முன்பு விட்ட இடத்தில், மாமாவுக்கு வெகு முன்னால் இறக்கிவிட்டது. எப்போதும் முன்னால் மட்டுமே ஓடத் தெரிந்த என் அக்கா அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திரும்பி ஓடினாள். வழியில் விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். கடைசியில் மாமாவின் பக்கத்தில் வந்து நின்றாள். பழைய பாகங்களில் தூக்கிவிடுவதற்கு இருந்த பட்டனை அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. திரையைப் பார்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்துச் சொன்னாள்:

"வந்துட்டேன்."

மைக் திறந்திருந்தது. அது எங்களுக்கு அப்போது தெரியாது. அதே மலையில் ஆடிக்கொண்டிருந்த ஒருவரின் குரல் டிவியிலிருந்து வந்தது. பேக்கரி.

"யோவ். ஏன்யா ரெண்டு பேரும் அங்கேயே நிக்கறீங்க? பட்டனை அழுத்த வேண்டியதுதானே?"

மாமா மெதுவாகச் சொன்னார். கேமரா முன்னால் இருந்த தடுமாற்றம் இல்லை. "ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன் திரும்பி வரணும். இதுதான்யா எங்க கணவாய்னு சொன்னேன். முன்னாடியும் பின்னாடியும் வெட்டிட்டாங்க. அவ்ளோதான் பேக்கரி."

பிறகு சரிவுக்கு மேலே ஒரு மூட்டை தெரிந்தது. இறங்கி வந்தது, சறுக்கியது, நின்றது.

"வந்துட்டேன்" என்றார் பேக்கரி. "மன்னிச்சுக்கய்யா" என்றும் சொன்னார், அது சரியாகக் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வாரங்களில் அந்தச் சரிவில் ஒரே கூட்டம். பழைய மூட்டைகள் எல்லோரும் வந்து விழுந்தார்கள். யாரும் பட்டனை அழுத்தவில்லை. வேறு குழுக்களும் வந்தன. கேலி செய்தவர்களில் சிலர்கூட வந்து, என்ன ஏது என்று கேட்டு, படுத்துக்கொண்டார்கள். கம்பெனி மனம் மாறியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? ஒரு அப்டேட் அனுப்பினார்கள். இனி விழுந்தால் பட்டனே வேண்டாம், விழுந்த மறுநொடியே ஆட்டமே நம்மை எழுப்பி நிறுத்திவிடும். ‘இனி யாரும் கீழே கிடக்க வேண்டியதில்லை’ என்று அதற்கும் ஒரு விளம்பரம். படுத்துக் கிடக்கிற உரிமையைக்கூடப் பிடுங்கிவிட்டு அதற்கு வசதி என்று பெயர் வைக்கிறார்கள்! மாமாவின் சிரிப்பு அதிலும் இருக்கிறது. இன்றைக்கும் ஓடுகிறது.

நேற்று அவர்கள் ஆடும்போது போயிருந்தேன். அக்கா வழக்கம்போல் தலைதெறிக்க ஓடினாள், விழுந்தாள். விழுந்த வேகத்தில் ஆட்டம் அவளை எழுப்பி நிறுத்திவிட்டது. அதற்குள் மாமா, ஏறக்குறைய மலையைக் கடந்துவிட்டவர், திரும்பி ஓடத் தொடங்கியிருந்தார். பின்னாலேயே பேக்கரி. அவருக்குப் பின்னால் மற்ற மூட்டைகள்.

"நான்தான் எழுந்துட்டேனே, எதுக்கு வர்றீங்க?" என்றாள் அக்கா.

"வந்துட்டேன்" என்றார் மாமா.

அவர்கள் அன்று மலையைக் கடக்கவில்லை. இப்போதெல்லாம் எந்த நாளும் கடப்பதில்லை. யாராவது விழுந்துகொண்டே இருக்கிறார்கள், எல்லோரும் திரும்பி வந்துகொண்டே இருக்கிறார்கள். விழுந்தவர் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தாலும் வருகிறார்கள். கம்பெனி அடுத்த அப்டேட்டில் எதை எடுக்கப் போகிறதோ, எடுக்கட்டும், நானும் பார்க்கிறேன்.